உயரத்திற்கும் செவிக்கும் என்ன தொடர்பு?

எரிக்கோ நகருக்குள் இயேசு ஆண்டவர் வருகிறார் என்று கேள்வியுற்றதும், கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகப் பார்க்க இயலாத சக்கேயு, முன்னே ஓடிச்சென்று காட்டு அத்திமரம் ஒன்றில் ஏறிக்கொண்ட வரலாற்றை நாம் அனைவரும் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். சக்கேயு குள்ளமானவர். ஏன் குள்ளமானார் என்று நற்செய்தியாளர் நமக்குச் சொல்லவில்லை. ஆனால் ஆண்டவர் மரத்தடியில் நின்று பெயர் சொல்லி அழைத்தபோது, அத்தனை இரைச்சலிலும் அது அவர் காதில் விழுந்தது. விரைந்து இறங்கி வந்தார். விழாமல் போயிருந்தால்?

இந்தக் கேள்வியை எங்கள் வகுப்பில் ஒருத்தி வேடிக்கையாகத்தான் கேட்டாள். உயிரியல் பாடத்தில் நாளமில்லாச் சுரப்பிகளைப் படித்துக்கொண்டிருந்த வாரம் அது. சிஸ்டர் அதட்டுவார் என்று நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அவரோ, "குள்ளமாக இருப்பதற்கும் காது கேட்பதற்கும் தொடர்பு உண்டா என்று தேடிப் பார்த்து ஆண்டு மலருக்கு எழுதுங்களேன்!" என்று சொல்லிவிட்டார். வேடிக்கை எங்களுக்கு வேலையாய் முடிந்தது.

உண்மையைச் சொன்னால், நாங்கள் ஊன்றித் தேடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு பள்ளி விழாவிற்கு நாங்கள் ஒரு நாடகம் தயாரித்தோம். அதில் குள்ளன் வேடத்திற்குக் கீழ் வகுப்பிலிருந்து ஒரு சிறுமியைத் தேர்ந்தெடுத்தோம். காலை வழிபாட்டு வரிசையில் எப்போதும் முதலில் நிற்பவள் அவள். ஒத்திகையின்போது திரைக்குப் பின்னால் நின்று நாங்கள் குரல் கொடுத்தவுடன் அவள் மேடைக்கு வரவேண்டும். மூன்று முறை குரல் கொடுத்தும் அவள் வரவில்லை. "திமிர் பிடித்தவள்" என்று நாங்கள் முடிவு கட்டினோம். வேடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டோம். அவள் அழவும் இல்லை, காரணம் கேட்கவும் இல்லை. சில வாரங்கள் கழித்து அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தபோதுதான், இரு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருப்பதாக மருத்துவர் சொன்ன செய்தி எங்களுக்குத் தெரிந்தது. அவளுடைய உயரக் குறைவுக்கு என்ன காரணம் என்று நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் வேலையும் அன்று. ஆனால் அன்று முதல் இந்தக் கேள்வி எங்களைக் குடைந்துகொண்டே இருந்தது.

நம் மூளையின் அடிப்பக்கத்தில், மண்டையோட்டு எலும்பில் குதிரைச் சேணம் போன்ற ஒரு சிறு பள்ளம் உண்டு. அதற்குள் பட்டாணி அளவில் உட்கார்ந்திருப்பதுதான் பிட்யூட்டரி சுரப்பி. எடை ஏறத்தாழ அரை கிராம்தான். இந்தச் சிற்றரசர் பல ஹார்மோன்களை இரத்தத்தில் அனுப்புகிறார். அவற்றுள் ஒன்று வளர்ச்சி ஹார்மோன். 191 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. இது நாள் முழுதும் ஒரே சீராக ஓடுவதில்லை. விட்டு விட்டு அலை அலையாய் வெளிப்படும். பெரிய அலை நாம் ஆழ்ந்து உறங்கும்போதுதான் எழுகிறது. (விடுதி மாணவியர் இரவில் போர்வைக்குள் கதைப்புத்தகம் படிப்பதைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.)

சிற்றரசருக்கும் மேலே ஒரு பேரரசர் இருக்கிறார். அவர் மூளையிலுள்ள ஹைபோதலாமஸ். "வளர்ச்சி ஹார்மோனை வெளியே விடு" என்று ஆணையிடும் தூது ஹார்மோனை அனுப்புபவர் அவரே. அந்தத் தூதை வாங்கிக்கொள்ளப் பிட்யூட்டரியின் செல்களில் ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டும் சாவியும் போல என்று வைத்துக்கொள்ளலாம். இனி, வெளிவந்த வளர்ச்சி ஹார்மோன் தானே எல்லா வேலையையும் செய்துவிடுகிறதா என்றால், இல்லை. அது கல்லீரலுக்குச் சென்று, ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்கச் செய்கிறது. எலும்புகளின் நுனிகளிலுள்ள குருத்தெலும்புத் தட்டுகளை வளரச் செய்வதில் பெரும்பங்கு இந்த ஐ.ஜி.எஃப்-1க்கு உண்டு. ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி, கல்லீரல், எலும்பு என்று நான்கு படிகள். எந்தப் படி உடைந்தாலும் உயரம் குறையும். எந்தப் படி உடைந்தது என்பதைப் பொறுத்துக் காதின் கதையும் மாறும் என்பது நாங்கள் இறுதியில் கண்டுகொண்ட செய்தி.

இப்போது செவிக்குள் நுழைவோம். புறச்செவிக் குழலின் முடிவில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள செவிப்பறை. அதற்கு அப்பால் காற்று நிறைந்த சிறு அறை. அதுவே நடுச்செவி. அதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் சங்கிலிபோல் கோத்து நிற்கின்றன. குதிரையேறுபவர் கால் வைக்கும் வளையம் போலிருப்பதால் மூன்றாவதற்கு அங்கவடி என்று பெயர். மனித உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அதுதான். 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஓர் அரிசி மணிக்கும் சிறியது.

இந்த மூன்று எலும்புகளும் எதற்கு? செவிப்பறையிலிருந்து நேரே உட்செவிக்கு ஒலி போய்விடக்கூடாதா? போகாது. உட்செவி நீர்மத்தால் நிறைந்தது. குளத்தில் மூழ்கியிருப்பவளைக் கரையிலிருந்து கூப்பிட்டால் அவளுக்குக் கேட்பதில்லையே, ஏன்? காற்றில் வரும் ஒலி நீரின் மேற்பரப்பில் பட்டதும் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழைகிறது, மற்றவை திரும்பிவிடுகின்றன. இந்த நட்டத்தை ஈடு செய்யவே நடுச்செவி படைக்கப்பட்டிருக்கிறது. அகன்ற செவிப்பறையில் விழும் விசையைச் சிறிய அங்கவடியின் பாதத்தில் குவிப்பதாலும், எலும்புகள் நெம்புகோல்போல் இயங்குவதாலும், அழுத்தம் ஏறத்தாழ 22 மடங்கு உயர்கிறது. அப்போதுதான் உட்செவியிலுள்ள காக்ளியா என்னும் நத்தைச்சுருளின் நீர்மம் அசையும். அதிலுள்ள மயிர்ச்செல்கள் தூண்டப்பட்டு நரம்பு வழியே மூளைக்குச் செய்தி போகும்.

வளர்ச்சி ஹார்மோன் இல்லாவிட்டால் கை கால் எலும்புகள் குட்டையாகின்றன. அப்படியானால் அங்கவடியும் குட்டையாகிவிடுமா? நாங்கள் அப்படித்தான் எண்ணினோம். கரும்பலகையில் படம்கூட வரைந்து, குட்டையான அங்கவடி எவ்வளவு ஒலியை இழக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டோம். எங்கள் கணக்கு முழுவதும் தவறு. நடுச்செவியின் மூன்று எலும்புகளும் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஏறத்தாழ முழு அளவை அடைந்துவிடுகின்றன! நத்தைச்சுருளும் அப்படியே. நேற்றுப் பிறந்த குழந்தையின் அங்கவடியும் நம் தலைமையாசிரியைச் சிஸ்டரின் அங்கவடியும் ஏறத்தாழ ஒரே அளவு. உடலில் வேறு எந்த எலும்பைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். வளர்ச்சி ஹார்மோனோ பெரும்பாலும் பிறந்த பிறகே உயரத்தின் மீது ஆட்சி செலுத்தத் தொடங்குகிறது. அந்த ஹார்மோன் இல்லாத குழந்தைகளும் பிறக்கும்போது மற்றக் குழந்தைகளின் நீளத்தை ஒட்டியே பிறக்கிறார்கள், பிறகுதான் பின்தங்குகிறார்கள். எனவே ஒன்றேகால் மீட்டர் உயரமுள்ள பெரியவர் ஒருவரின் காதிலும் அங்கவடி முழு அளவில் இருக்கவே வாய்ப்பு. படைத்தவரின் முன்யோசனை இது என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள், நாங்களும் ஆமோதித்தோம்.

ஆனால் எலும்புகள் குடியிருக்கும் வீடு அப்படியன்று. நடுச்செவி அறையைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் பிறப்புக்குப் பின் நீளமாக வளர்கிறது. பச்சிளங்குழந்தைக்கு அது ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு அதன் இருமடங்கு. குழந்தைக்குப் படுக்கை வாட்டில் கிடக்கும் குழல், மண்டையோட்டின் அடிப்பகுதி வளர வளரச் சாய்ந்து, பெரியவர்களிடம் சரிவாக அமைகிறது. காதுக்குப் பின்னால் தடவினால் தட்டுப்படும் எலும்புக்குள் தேனடை போன்ற காற்றறைகள் இருக்கின்றன. அவையும் பெரும்பாலும் பிறந்த பிறகே உருவாகின்றன.

நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இந்தக் குழல் ஒரு கணம் திறந்து, நடுச்செவிக்குள் புதுக்காற்றை அனுப்புகிறது. மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைத்துக்கொண்டு, விழுங்கியதும் 'டப்' என்று திறப்பது இதனால்தான். குழல் குட்டையாகவும் படுக்கையாகவும் இருந்தால் தொண்டையிலுள்ள கிருமிகள் எளிதில் மேலேறும். சளி பிடித்தால் குழல் அடைபடும். அடைபட்டால் உள்ளேயுள்ள காற்று வற்றி நீர் தேங்கும். காற்றில் ஆடவேண்டிய மூன்று எலும்புகளும் நீரில் நின்று திணறும். வலி இராது, காய்ச்சல் இராது. இரு காதுகளிலும் விரலை வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பது போன்ற நிலை. நீர் ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். ஆகையால் ஒரு நாள் கூப்பிட்டால் திரும்புவாள், மறுநாள் திரும்பமாட்டாள். "வேண்டும்போது மட்டும் காது கேட்கிறது இவளுக்கு" என்று ஆசிரியரும் பெற்றோரும் கோபிப்பது இப்படித்தான் தொடங்குகிறது. நாங்கள் கோபித்ததும் இப்படித்தான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் சளியால் இது வரலாம். உயரத்திற்கும் இதற்கும் கட்டாயத் தொடர்பு இல்லை. ஆனால் முகமும் மண்டையோட்டின் அடிப்பகுதியும் வளராமல் சிறுத்திருக்கும் பிள்ளைகளுக்கு, மற்றவர்கள் எட்டு வயதில் கடந்துவிடும் தொல்லை நீடிக்கக்கூடும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது.

பாடப்புத்தகத்தை விட்டு இனிப் பிரேசில் நாட்டிற்குப் போவோம். அந்நாட்டின் வடகிழக்கில் செர்ஜிப்பே என்ற சிறிய மாநிலம்; அதில் இத்தாபையானின்யா என்ற ஊர். 'குள்ளர்களின் நகரம்' என்றே அந்நாட்டில் அதற்குப் பெயர். அங்கே பல தலைமுறைகளாக, ஒரே பெரிய குடும்பக் கிளையில், நூற்றுக்கும் மேற்பட்டோர் மிகக் குறைந்த உயரத்தோடு பிறந்து வளர்ந்து வந்திருக்கிறார்கள். வளர்ந்த பெரியவர்களின் உயரமே ஏறத்தாழ 105 முதல் 135 சென்டிமீட்டர் வரைதான். உடல் அளவொத்து இருக்கும்; கை கால்கள் மட்டும் குட்டையாயிரா. அறிவில் குறைவில்லை. ஆண்களுக்கும் குரல் உயர்ந்த சுருதியிலேயே நின்றுவிடுகிறது. 1994-ஆம் ஆண்டு முதல் அங்குள்ள மருத்துவர் மனுவேல் அகியார் ஒலிவேராவும் அவருடைய குழுவினரும் இம்மக்களை ஆராய்ந்து வருகிறார்கள். 1999-ஆம் ஆண்டில் காரணம் தெரிந்தது. பேரரசரும் தூது அனுப்புகிறார், சிற்றரசரும் இருக்கிறார், ஆனால் தூதை வாங்கும் பூட்டுத்தான் பழுது! அந்த ஏற்பியை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. திருவிவிலியம் முழுவதிலும் ஓர் எழுத்தை மாற்றி அச்சிட்டால் நாம் கவனிப்போமோ மாட்டோமோ, உடல் கவனித்துவிடுகிறது.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குறைபாடு வெளிப்படும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்தப் பிள்ளை உயரமாகவே வளரும்; ஆனால் அதைச் சுமந்துகொண்டிருக்கும். சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒதுங்கிக் கிடந்த அந்த ஊரில் உறவினருக்குள்ளேயே மணவினை நடந்ததால் எண்ணிக்கை பெருகியது. இதை நாம் ஏதோ தூர தேசத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே ஏற்பியின் மரபணுவில் வேறொரு பழுது இருப்பதை 1996-ஆம் ஆண்டில் இந்தியத் துணைக்கண்டத்துக் குடும்பம் ஒன்றில் கண்டனர். பின்பு பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் ஊர் உறவினர் பலரிடம் கண்டனர். 1998-இல் இலங்கையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றிலும் அதே பழுது வெளிப்பட்டது. மாமன் மகன், அத்தை மகள் என்று சொந்தத்திலேயே முடிச்சுப் போடும் வழக்கம் நம்மிடையேயும் உண்டல்லவா?

இத்தாபையானின்யா மக்களை மருத்துவர்கள் போற்றுவதற்குக் காரணம் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். மற்ற ஹார்மோன்களிலும் குறையில்லை. எனவே, 'அந்த ஒரு ஹார்மோன் மட்டும் இல்லாவிட்டால் ஓர் உறுப்பு எப்படி இருக்கும்?' என்ற கேள்விக்கு அவர்கள் உடலே விடை சொல்கிறது. 2014-இல் அவர்களுடைய செவித்திறனைப் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. அவர்களையும், அதே வட்டாரத்து உயரமான மக்களையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். யாரும் செவிடர் அல்லர் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் உயர்ந்த சுருதியிலுள்ள ஒலிகள் லேசாக மங்கிக் கேட்பவர்கள் அவர்களிடையே மிகுதி. அது நடுச்செவியில் தடைபடும் மந்தமன்று. உட்செவியையும் நரம்பையும் சார்ந்த மந்தம். தலைசுற்றல் தொல்லையும், சில ஓசைகளைக் கேட்டாலே பொறுக்கமாட்டாத எரிச்சலும் அவர்களிடம் அதிகம் காணப்பட்டன.

உயர் சுருதி மங்கினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். 'அ', 'ஆ' போன்ற உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. 'ஸ்', 'ஷ்' போன்ற சீறும் ஒலிகள் உயர் சுருதியில் இருக்கின்றன. ஆகவே பேச்சு கேட்கும். ஆனால் சொற்களின் ஓரங்கள் தேய்ந்திருக்கும். 'பஸ்' என்றால் 'ப' மட்டும் கேட்கும். அமைதியான அறையில் சமாளித்துவிடலாம். மணி அடித்தபின் நம் பள்ளித் தாழ்வாரத்தில் சமாளிக்க முடியாது.

நடுச்செவியைப் பற்றிய கண்டுபிடிப்புத்தான் எங்களை வியப்பில் ஆழ்த்தியது. அங்கவடி எலும்போடு ஒரு தசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடலின் மிகச் சிறிய எலும்புக்கு உடலின் மிகச் சிறிய தசை! பேரொலி காதில் விழுந்ததும் இத்தசை நம்மைக் கேட்காமலேயே சுருங்கி, அங்கவடியை இழுத்துப் பிடிக்கிறது. ஓடும் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுப்பதுபோல. அதனால் உள்ளே போகும் ஒலி குறைகிறது. ஒரு காதில் ஒலித்தாலும் இரு காதுகளிலும் தசை சுருங்கும். நாம் வாய் திறந்து பேசும்போதும் சுருங்கும். இல்லையென்றால் நம் குரலே நம் காதை அடைத்துவிடும். இந்த அனிச்சைச் செயலை அளக்க ஒரு கருவி உண்டு. காதில் சிறு அடைப்பானைப் பொருத்தி, ஒலியைச் செலுத்தி, செவிப்பறை எவ்வளவு விறைக்கிறது என்று பார்ப்பார்கள். வலியில்லை, ஓரிரு நிமிட வேலைதான். இத்தாபையானின்யா மக்களில் பலருக்கு இந்த அனிச்சைச் செயல் இல்லாதிருந்தது. எலும்பு முழு அளவில் இருக்கலாம், கடிவாளம் இழுபடவில்லை! ஓசைகள் அவர்களுக்கு அவ்வளவு எரிச்சல் தருவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எங்களுக்கு எண்ணத் தோன்றுகிறது.

உட்செவிக்கு மந்தம் வருவானேன்? இங்கேதான் நான்காம் படிக்கு முந்திய ஐ.ஜி.எஃப்-1 வருகிறது. அது எலும்புக்கு மட்டும் உணவன்று; நத்தைச்சுருளின் மயிர்ச்செல்களும் நரம்புச் செல்களும் உருவாகவும் நிலைக்கவும் அது தேவை. 1996-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர்கள் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். வயது 15, எங்கள் வயதுதான். அவனுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஏராளமாய் இருந்தது, ஐ.ஜி.எஃப்-1ஐ உருவாக்கும் மரபணுவில்தான் ஒரு பகுதி காணாமற்போயிருந்தது. அவன் பிறக்கும்போதே மிகச் சிறியவனாய்ப் பிறந்தான்; பிறகும் வளரவில்லை; காதும் கேட்கவில்லை. வளர்ச்சி ஹார்மோன் இல்லாதவர்களுக்குச் செவி லேசாகத்தான் மங்குகிறது, ஐ.ஜி.எஃப்-1 அறவே இல்லாதவனுக்குச் செவியே போயிற்று. ஏன் இந்த வேறுபாடு? வளர்ச்சி ஹார்மோன் இல்லாவிட்டாலும் தாயின் வயிற்றில் ஐ.ஜி.எஃப்-1 சுரந்து, செவி உருவாகும் வேளையில் உதவிவிடுகிறது. பிறகு அது குறைந்தாலும் கட்டி முடித்த கோவில் உடனே இடிந்துவிடுவதில்லை. பூச்சு மட்டும் உதிர்கிறது.

இதற்கு இன்னொரு சான்று இஸ்ரேல் நாட்டிலிருந்து. 1966-ஆம் ஆண்டில் ஸ்வி லாரோன் என்ற மருத்துவர் ஒரு புதுவகைக் குள்ளத்தன்மையை விவரித்தார். அதில் வளர்ச்சி ஹார்மோன் இரத்தத்தில் நிறைய இருக்கிறது. அதை ஏற்க வேண்டிய கல்லீரலின் பூட்டுத்தான் பழுது. அவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுப் பயனில்லை; ஐ.ஜி.எஃப்-1 ஊசிதான் போடவேண்டும். 2012-இல் அவர்களின் செவிகளைச் சோதித்தபோது, இளமையிலேயே அந்த ஊசியைப் பெற்றவர்களின் நத்தைச்சுருள், பெறாதவர்களுடையதைவிட நல்ல நிலையில் இருந்ததைக் கண்டார்கள். ஜப்பானில் கியோட்டோ நகர மருத்துவர்கள், திடீரென்று செவி மந்தமானவர்களின் நடுச்செவிக்குள் ஐ.ஜி.எஃப்-1 கலந்த கூழ்ப்பொருளை வைத்து, அது உட்செவிக்குள் ஊறிச் செல்லுமாறு செய்து பார்த்து, ஓரளவு பலன் கண்டிருக்கிறார்கள்.

ஹார்மோன் மிகுந்தாலும் தொல்லைதான். எலும்பு நுனிகள் மூடுமுன் மிகுந்தால் இராட்சத வளர்ச்சி. அமெரிக்காவின் இராபர்ட் வாட்லோ 272 சென்டிமீட்டர் வளர்ந்து, 1940-இல் தம் 22-ஆம் வயதில் இறந்துபோனார். மூடிய பின் மிகுந்தால் அக்ரோமெகலி என்னும் நோய். உயரம் கூடாது, தாடையும் கைகளும் பாதங்களும் தடிக்கும். கல்யாண மோதிரம் விரலில் ஏறாது. செருப்பின் அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடும். மூக்கின் உட்பகுதியும் தொண்டையும் நாக்கும் தடிப்பதால் யூஸ்டேஷியன் குழலும் நெருக்கப்படலாம். இவர்களுள் சிலருக்குச் செவி மந்தம் உண்டு. ஆனால் அது நடுச்செவியால் வந்ததா, உட்செவியால் வந்ததா, அந்நோயால்தான் வந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஆகையால் நாங்களும் இதை இத்துடன் விட்டுவிடுகிறோம்.

பெண் பள்ளியில் படிக்கும் நாம் தெரிந்துகொள்ளவேண்டிய வேறொன்று உண்டு. டர்னர் நோய்க்கூறு என்பது பெண்களுக்கு மட்டுமே வருவது. ஏறத்தாழ 2,500 பெண்குழந்தைகளில் ஒருத்திக்கு, இரண்டு இருக்கவேண்டிய எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லாமலோ குறைவாகவோ இருக்கும். அவர்களுக்கு ஹார்மோன் பெரும்பாலும் குறைவதில்லை. ஆயினும் உயரம் குறையும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் சில அங்குலம் கூடும். அவர்களுக்கு நடுச்செவியில் சீழும் நீரும் அடிக்கடி வரும். வளர்ந்த பின் நரம்பு வழி மந்தமும் வரக்கூடும். ஊசி உயரத்திற்குத்தான், காதைத் தனியே கவனிக்க வேண்டும். பத்து வயதுப் பெண், வகுப்பிலேயே குள்ளம், அடிக்கடி காதில் சீழ் வடிகிறது என்றால், அம்மாக்கள் சீழுக்கு மட்டும் சொட்டு மருந்து வாங்கி நின்றுவிடாமல், இரண்டையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்வது நல்லது.

பெற்றோருக்கு இன்னும் ஒரு வார்த்தை. நான்கு வயது முதல் பருவமடையும் வரை பிள்ளை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வளரவேண்டும். வீட்டுக் கதவு நிலையில் பிறந்தநாள்தோறும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வந்தால் போதும். 4 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் தெரிந்துவிடும். குட்டையாக இருப்பவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். அப்பா அம்மா குட்டையானால் பிள்ளையும் குட்டைதான். வளர்ச்சி நின்றுபோவதுதான் அடையாளம். மருத்துவர் இடக்கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார், இரத்தத்தைச் சோதிப்பார். குறை இருந்தால் இரவில் தோலுக்கடியில் சிறு ஊசி. முற்காலத்தில் இறந்தோரின் பிட்யூட்டரியிலிருந்து இம்மருந்தை எடுத்தார்கள். அதன் வழியே சிலருக்குக் கொடிய மூளைநோய் வந்ததால் 1985-இல் அமெரிக்கா அதை நிறுத்தியது. அதே ஆண்டில், பாக்டீரியாக்களைக் கொண்டு தயாரிக்கும் மருந்து அங்கே விற்பனைக்கு வந்தது. விலை இன்றும் அதிகம். எலும்பு நுனிகள் மூடிவிட்டால் உயரத்திற்குப் பயனும் இல்லை. எனவே காலம் தாழ்த்தக்கூடாது. காதுச் சோதனைக்கோ அதிகச் செலவும் இல்லை. நடுச்செவியில் நீர் தேங்கி மாதக்கணக்கில் வற்றாவிட்டால், செவிப்பறையில் சிறு துளையிட்டு, காற்றுப் போக ஒரு நுண்குழாயை வைத்துவிடுவார்கள்.

எங்கள் நாடகச் சிறுமிக்கும் அப்படித்தான் வைத்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "எனக்கே தெரியாதே அக்கா, எல்லாருக்கும் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்தேன்" என்றாள். குழாய் இருக்கும்வரை அவள் குளிக்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். சளி பிடித்தால் மறுபடியும் கொஞ்சம் மந்தமாகிவிடும். அதனால் இவ்வாண்டு நாடகத்தில் நாங்கள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுக்கவில்லை. அவள் மேடைக்கு வரவேண்டிய நேரம் வந்ததும் பக்கத் திரையின் கீழே டார்ச் விளக்கை இருமுறை அடித்தோம். இம்முறை அவளுக்கு அரசி வேடம். ஒருமுறைகூடத் தவறவில்லை, எங்களுள் இருவர்தான் வசனத்தை மறந்து விழித்தோம்.